லேசான லேப்டாப்பா, பிறகு ரேம் கூட்டிக்கொள்ளும் லேப்டாப்பா: குளச்சலிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

வணக்கம் அக்கா. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் நாகர்கோவில் கோணத்தில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள். வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கம். தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். கடையில் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டு லேப்டாப் காட்டினார்கள். ஒன்று 14 அங்குலத் திரை, 1.3 கிலோ, 16 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்). ஆனால் அந்த ரேம் உள்ளிருக்கும் மதர்போர்டோடு பற்றவைத்தது, பிறகு மாற்ற முடியாது. இன்னொன்று 15.6 அங்குலம், 2.3 கிலோ, தனி கிராஃபிக்ஸ் சிப், 8 ஜிபி ரேம், இன்னொரு ரேம் செருகும் ஸ்லாட் ஒன்று காலி. "பெரியதை எடு, பிறகு ஏத்திக்கலாம்" என்கிறார் உங்கள் தம்பி. நான்கு வருஷம் தாங்க வேண்டும்.

இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் லேசானதை எடுங்கள். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, கடையில் அதையும் கேட்டுப் பார்க்கலாம், கீழே சொல்கிறேன்.

"ஏத்திக்கலாம்" என்று சொல்லும்போது எதையெல்லாம் ஏற்ற முடியும் என்று பாருங்கள். இன்றைய லேப்டாப்பில் பிராசஸரை மாற்ற முடியாது, அது போர்டோடு சேர்ந்தது. கிராஃபிக்ஸ் சிப்பும் அப்படித்தான். திரையை மாற்றலாம் என்றாலும் செலவு அதிகம், உடைந்தால் ஒழிய யாரும் செய்வதில்லை. மிச்சம் இருப்பது ரேம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, சிலவற்றில் வைஃபை கார்டு. இதில் எஸ்எஸ்டி பெரும்பாலான லேசான விண்டோஸ் லேப்டாப்பிலும் கழற்றி மாற்றக்கூடியதுதான். ஆப்பிள் மேக்புக் ஏரில் மட்டும் ரேம், சேமிப்பு இரண்டையும் வீட்டில் மாற்ற வழியில்லை. ஆக ஏற்றும் விஷயத்தில் உங்கள் முன்னால் இருக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ரேம் ஸ்லாட். பெரியதில் காசு போட்டு இன்னொரு 8 ஜிபி செருகினால் கிடைக்கப்போவது, சிறியதில் முதல் நாளே இருக்கும் அதே 16 ஜிபி.

அந்தக் காசும் இப்போது சின்னக் காசு இல்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதுதான் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம் கடைகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த குரூசியல் பிராண்டு விற்பனையை நிறுத்துவதாகவே அறிவித்தது. "இப்போ 8 போதும், அடுத்த வருஷம் மலிவா வாங்கிப் போட்டுக்கலாம்" என்ற பழைய கணக்கை நம்பி இன்று முடிவெடுக்கக் கூடாது.

16 ஜிபி நான்கு வருஷத்துக்குப் போதுமா என்றால், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்குப் போதும். பைத்தான், ஜாவா, சி, டேட்டாபேஸ் எல்லாம் அதற்குள் தாராளமாக ஓடும். போன் ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை, திரைக்குள் ஒரு போனைப்போல ஓடும் எமுலேட்டரோடு ஓட்ட 16 ஜிபி தேவை. ஒரு விர்ச்சுவல் மெஷினில் (லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்போல ஓடுவது) லினக்ஸ் போட்டு, அதற்கு 4 ஜிபி கொடுத்தாலும் மிச்சத்தில் பிரவுசர் திணறாது. பெரிய ஏஐ மாடல்களைப் பயிற்றுவிப்பது எந்த மாணவரும் தன் லேப்டாப்பில் செய்கிற வேலை இல்லை. கூகுள் கோலாப் மாதிரி இணையத்தில்தான் செய்வார்கள். ஆனால் 8 ஜிபி பற்றவைத்து, ஸ்லாட்டும் இல்லாத லேப்டாப்பை யார் எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விண்டோஸும் பத்து டேப் திறந்த குரோமும் சேர்ந்தாலே அது நிறைந்துவிடும். போதாததற்கு உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் அந்த 8-இலிருந்துதான் ஒரு பங்கு போகும்.

ஒட்டின ரேம் என்றதும் கம்பெனி ஏமாற்றுகிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். பாதி நியாயம். எல்பிடிடிஆர் என்ற வகை மெமரி பிராசஸருக்கு வெகு அருகில் இருந்தால் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகத்தில் ஓடும். இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொட்டலத்தில் வருகிறது, 16 அல்லது 32 ஜிபி. பேட்டரி நேரம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நியாயமான மறுபாதி இது: அந்த ரேம் சிப்பில் ஒன்று கெட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். அதனால் ஒட்டின ரேம் உள்ளதை வாங்குகிறவர்கள், பை, மவுஸ், ஆன்டிவைரஸ் இலவசம் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தக் காசை வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டிப்பதில் போட வேண்டும்.

கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்களே பார்க்க வழி இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே வலப்பக்கம் சிறிய எழுத்தில் "ஃபார்ம் ஃபேக்டர்" என்று ஒரு வரி. அங்கே சோடிம் என்றிருந்தால் கழற்றும் ரேம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் ஒட்டினது. அதற்கு மேல் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ற வரியில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் ஒரு இடம் காலி. ஆனால் ஒட்டின ரேம் உள்ளவற்றிலும் அந்த வரி நான்கில் நான்கு, எட்டில் எட்டு என்று எதையாவது காட்டும். அதை ஸ்லாட் எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெயரில் நான்கைந்து வகை விற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் இருக்கும் முழு மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லெனோவோவுக்குப் பிஎஸ்ரெஃப் என்ற தளம், எச்பிக்கும் டெல்லுக்கும் சர்வீஸ் கையேடு, எல்லாமே இலவசமாகக் கிடைக்கும். எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு ரேம், எஸ்எஸ்டி என்ன நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

எடைக்கு வருவோம். 1.3, 2.3 என்று பார்த்தால் ஒரு கிலோதான் வித்தியாசம் போலத் தெரியும். சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். லேசானதோடு வரும் 65 வாட் டைப்-சி சார்ஜர் வயரோடு கால் கிலோ அளவுக்குள். தனி கிராஃபிக்ஸ் உள்ளதற்கு வரும் செங்கல் போன்ற சார்ஜர் அரை கிலோவுக்கு மேல். அந்த லேப்டாப்பின் பேட்டரி வகுப்பு முடியும்வரை வராது என்பதால் சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டும் போக முடியாது. 50 வாட்-ஹவர் பேட்டரி இரண்டிலும் இருக்கிறது என்று வையுங்கள். எழுத்து வேலை, பிரவுசர் அளவில் லேசானது 7 வாட் இழுத்தால் ஏழு மணி நேரம். பெரியது அதே வேலைக்கு 15 வாட் இழுத்தால் மூன்றேகால் மணி நேரம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் பிளக் பாயின்ட் எத்தனை இருக்கும் என்று யோசியுங்கள். காலை நேரத்துப் பஸ்ஸில் நின்றபடி, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், ரெக்கார்டு நோட்டோடு இன்னும் மூன்று கிலோ தோளில் தொங்கினால், இரண்டாவது மாதமே பிள்ளை அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். லேபில் தேவைப்படும் நேரத்தில் கையில் இல்லாத லேப்டாப் எவ்வளவு வேகமாக இருந்து என்ன?

கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மழைக்காலத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் 65 வாட் ஏற்றுவது எளிது; 200 வாட் இழுக்கும் சார்ஜர் விளக்கு, மின்விசிறியின் நேரத்தைத் தின்றுவிடும். டைப்-சியில் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் 65 வாட் பவர் டெலிவரி (PD) வசதியுள்ள பவர்பேங்கிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

இனி கடல். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி பக்கம் வீடு இருப்பவர்கள் லேப்டாப் வாங்கும்போது கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. உப்புக்காற்றில் இருக்கும் நுண்ணிய உப்பை ஃபேன் உள்ளே இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதேதான் போர்டின் மேலும் நடக்கிறது. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். போர்டில் மின்னழுத்தம் இருக்கும் இடங்களில் செம்பு அரித்து, பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு பிடிப்பதுபோல் பச்சை படரும். முதலில் பாதிக்கப்படுவது யுஎஸ்பி வாய், சார்ஜிங் பின், கீபோர்டின் ரிப்பன் கேபிள் செருகும் இடம், ரேம் ஸ்லாட்டின் பின்கள். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் என்பதால், உள்ளே சேர்ந்த ஈரம் காய அவகாசமும் குறைவு.

இரண்டு பெரிய ஃபேன் ஓடும் 2.3 கிலோ லேப்டாப் அதிகக் காற்றை இழுக்கிறது. அதனால் அதிக உப்பையும் இழுக்கிறது. ஃபேனே இல்லாதவை இந்த ஊருக்கு நல்லது. 2020-இல் வந்த எம்1 சிப்பிலிருந்து மேக்புக் ஏர் அப்படித்தான். ஃபேன் உள்ள எதை வாங்கினாலும் சில பழக்கங்கள் வேண்டும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைத்து ஓட்டக் கூடாது. பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கிடக்கட்டும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நனைந்த குடையோடு ஒரே அறையில் லேப்டாப்பை வைக்காதீர்கள். விடுமுறையில் ஒரு மாதம் மூடிக் கிடக்கும் லேப்டாப்தான் சீக்கிரம் கெடும். வாரம் ஒரு மணி நேரமாவது ஓட்டினால் அந்தச் சூட்டில் ஈரம் வெளியேறும். ஏசி லேபிலிருந்து வெளியே வந்ததும் லேப்டாப்பின் குளிர்ந்த உடம்பில் ஈரம் படியும், ஆகவே பையில் இருபது நிமிடம் விட்டுப் பிறகு திறக்கச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி எடுத்து, பச்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் உங்கள் தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஸ்லாட் ரேமில் களிம்பு பிடித்தால் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துச் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். நம் ஊருக்கு முக்கியம் ரேமைக் கூட்டுவதைவிட, கழற்றிப் பழுது பார்க்க முடிவது. வாங்கும் முன்னால் கேளுங்கள்: பேட்டரி திருகாணியில் நிற்கிறதா, பசையிலா? கீபோர்டு தனியாக வருமா, மேல்மூடியோடு பிளாஸ்டிக் ரிவெட் போட்டதா? ரிவெட் என்றால் ஒரு பொத்தான் போனாலும் மேல்மூடி முழுவதும் வாங்க வேண்டிவரும். சார்ஜிங் வாய் உருண்டை பின் என்றால் பெரும்பாலும் தனி வயரில் இருக்கும், மாற்றுவது சுலபம். டைப்-சி வாய் பலவற்றில் போர்டிலேயே பற்றவைத்தது. அதனால் இரண்டு டைப்-சி வாய் உள்ளதாகப் பாருங்கள், ஒன்று போனாலும் இன்னொன்றில் ஏற்றலாம். உங்கள் பின்கோடைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டியா, நாகர்கோவிலில் சென்டர் உண்டா, இல்லை திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது அந்த மூன்றாவது வகை. அலுவலகங்களுக்காகச் செய்யப்படும் 14 அங்குல வரிசைகள்: லெனோவோ திங்பேட் இ, எச்பி புரோபுக், டெல் லாட்டிடியூட் போன்றவை. டெல் 2025-இல் இந்தப் பெயரை டெல் புரோ என்று மாற்றிவிட்டது. எடை 1.4 முதல் 1.6 கிலோ. பலவற்றில் ஒன்று அல்லது இரண்டு ரேம் ஸ்லாட், திருகாணியில் நிற்கும் பேட்டரி, டைப்-சி சார்ஜிங், தெளிவான சர்வீஸ் கையேடு. என் கருத்தில் தினமும் பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு இதுதான் சரி. குறைகள் இரண்டு. விலை சற்றுக் கூடுதல். சில மாடல்களில் திரை மங்கல்: 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45 சதவீத என்டிஎஸ்சி (நிற அளவு) என்று போட்டிருந்தால் பகலில் திண்ணையில் உட்கார்ந்து படிக்க முடியாது; 300 நிட்ஸுக்குக் கீழே போக வேண்டாம். நம் பக்கத்துக் கடைகளில் இவை கையிருப்பில் இல்லாமல் போகலாம், சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும். இதில் 16 ஜிபி ஒரே ரேம் ஸ்டிக்காகவும் ஒரு ஸ்லாட் காலியாகவும் கிடைத்தால் எடுங்கள், பின்னால் 32-க்குப் போகலாம்.

சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு. ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களுக்கு 16 ஜிபி தொடக்கம்தான், தனி கிராஃபிக்ஸும் உதவும். அங்கே ஸ்லாட் உள்ள கனமான லேப்டாப் நியாயமான தேர்வு. ஸ்னாப்டிராகன் பிராசஸர் உள்ள லேசானவற்றை எந்தப் பொறியியல் பிரிவுக்கும் எடுக்க வேண்டாம். கல்லூரி மென்பொருள்களில் சிலவும், லேப் கருவிகளின் டிரைவர்களும் அதில் வேலை செய்யாமல் போகலாம்.

ஸ்லாட் உள்ளதை வாங்கி, பிறகு நீங்களே ரேம் போடுவதாக இருந்தால் வரிசை தவறாமல் செய்யுங்கள். முதலில் ரிகவரி கீ. விண்டோஸ் 11 பல லேப்டாப்பில் டிஸ்க்கைத் தானாகப் பூட்டி வைக்கிறது. உள்ளே கை வைத்த பிறகு 48 இலக்க எண் கேட்டு நின்றால், அது இல்லாமல் உள்ளிருக்கும் எதையும் எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிவையுங்கள். அடுத்தது வகை: டிடிஆர்4-க்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது, வெட்டு இருக்கும் இடமே வேறு. ஷட்டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, திருகாணிகளைக் கழற்றுங்கள். ரப்பர் பாதத்தின் அடியிலும் ஒளிந்திருக்கும். எந்தத் துளையில் இருந்து எடுத்தது என்று ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அங்கங்கே செலோடேப்பில் ஒட்டிவையுங்கள். நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் கை வைக்கும் இடம் பிதுங்கும். மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பாமல், பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் கிளிப் கிளிப்பாக விடுவியுங்கள். திறந்ததும் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிய பிறகுதான் ரேமில் கை வைக்க வேண்டும்.

ஸ்டிக்கை முப்பது டிகிரி சாய்வில் தங்கநிற விளிம்பு முழுவதும் மறையும்வரை செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் 'டிக்' என்று பிடிக்கும். விளிம்பு வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. ஏற்கெனவே இருப்பது 8 என்றால் 8-ஐயே சேர்ப்பது நல்லது. இரண்டு பாதையிலும் மெமரி ஓடுவதால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகமாகும். ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் உள்ள இன்டெல் லேப்டாப்பில் ஒரே ஸ்டிக் இருந்தால் யுஎச்டி என்று பெயர் காட்டும், இரண்டாவது போட்டதும் ஐரிஸ் என்று மாறும். சரியாகப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

பேட்டரி கனெக்டரைத் திரும்ப மாட்டி மூடியைப் போடுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது சார்ஜரைச் செருகிவையுங்கள். திரை கறுப்பாகவே இருக்கும், ஃபேன் மட்டும் ஓடும், சிலது தானாக ஒருமுறை அணைந்து திரும்ப எழும். டிடிஆர்5 ரேம் புதிதாக வந்தால் போர்டு அதைச் சோதித்துப் பழக ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும், சிலவற்றில் இன்னும் கூடும். பலர் இந்த இடத்தில்தான் பயந்து பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அணைத்து, சார்ஜரையும் பேட்டரி கனெக்டரையும் முன்போலவே கழற்றி, புது ஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்து ஆன் செய்து பாருங்கள். வந்தால் புது ஸ்டிக்கையோ அந்த ஸ்லாட்டையோ சந்தேகப்படலாம். புதியதைப் பழைய ஸ்லாட்டில் போட்டால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். ஸ்டிக்தான் என்றால் பில்லோடு கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.